சாம்பலா, பழுப்பா? ஜெர்மன் டாங்கிகளின் நிறம் குறித்து

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடமும் "ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்" என்றார்கள். செப்பேடு, குடைவரை பற்றி எழுதத் தகுதியுள்ள அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. எனக்குத் தெரிந்தது வேறு. பணி ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக முப்பது வருடங்களுக்கு மேல் பிளாஸ்டிக் டாங்கி மாடல்கள் செய்து வருகிறேன். அதிலும் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகள். "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறதுல என்ன சார் சரித்திரம்?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1994-ல், என் மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, இருவருமாக 'பான்சர் நான்கு' என்ற டாங்கியைச் செய்தோம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வண்டி, மேஜைமேல் 17 சென்டிமீட்டர். 1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த வண்டி என்று வைத்துக்கொண்டு, மகன் அதற்கு முழுக்கக் கருஞ்சாம்பல் நிறம் அடித்தான். பெட்டிக்குள் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது. கையில் கிடைத்த புத்தகங்களும் அதையே சொல்லின. போட்டோக்களிலும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

அது தப்பு என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தாமஸ் ஜெண்ட்ஸ், ஹிலாரி டாயில் போன்ற ஆய்வாளர்கள் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதாமல் ஜெர்மன் ராணுவத்தின் மூல ஆவணங்களைத் தேடிப் படித்தவர்கள். அந்த ஆவணங்களின்படி, 1930களின் பிற்பகுதியில் ஜெர்மன் டாங்கிகளுக்கு இரண்டு நிறம்: மூன்றில் இரண்டு பங்கு கருஞ்சாம்பல், ஒரு பங்கு கரும்பழுப்பு. 1940 ஜூலை இறுதியில்தான், பெயின்ட்டை மிச்சப்படுத்தும் பொருட்டு, இனிச் சாம்பல் மட்டும் போதும் என்று உத்தரவு வந்தது. அதற்குள் போலந்துப் போர் முடிந்துவிட்டது, பிரான்சும் விழுந்துவிட்டது. ஆக, உலகெங்கும் எத்தனையோ பேர் செய்து வைத்த 'போலந்து' டாங்கிகள் ஒரு வருடம் பிந்திய நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. எங்கள் வீட்டு அலமாரியில் இருந்ததும் அதில் ஒன்று.

போட்டோ பொய் சொல்லுமா? சொல்லாது, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கறுப்பு வெள்ளைப் படம் வெளிச்சத்தின் அளவைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. அந்தச் சாம்பலும் பழுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டானவை. மேலே ரோட்டுப் புழுதி வேறு. உத்தரவைப் படித்த பிறகு அதே படங்களை மறுபடி பார்த்தால், வெயில் நன்றாக விழுந்த சிலவற்றில் இரண்டு நிறமும் சேரும் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது! முன்பும் அது அங்கேதான் இருந்தது, நாம் தேடவில்லை.

அதற்காக உத்தரவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 1943 பிப்ரவரியில் அடிப்படை நிறம் கருமஞ்சளாக மாறியது. அதன்மேல் அடிக்கச் செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும் பசை வடிவில் டப்பாக்களில் படைகளுக்குப் போயின. தண்ணீர் அல்லது பெட்ரோல் விட்டுக் கரைத்து அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும். கரைத்த அளவைப் பொறுத்து நிறமும் மாறும். "இதுதான் சரியான மஞ்சள்" என்று மாடல் செய்கிறவர்கள் அடித்துக்கொள்ளும் சண்டைக்கு நான் போவதில்லை.

குறியீடுகள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். போலந்துக்குப் போன டாங்கிகளில் பெரிய வெள்ளைச் சிலுவை போட்டிருந்தார்கள். போலந்து வீரர்களின் 37 மில்லிமீட்டர் பீரங்கிக்கு அது குறி பார்க்க நல்ல அடையாளமாகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சேற்றை அள்ளி அதன்மேல் பூசினார்கள். சிலர் நடுவில் மஞ்சள் அடித்து ஓரத்தில் மட்டும் வெள்ளையை விட்டார்கள். எனவே பளிச்சென்ற சிலுவையை ஒட்டுவதற்கு முன், எந்தத் தேதி டாங்கி என்று யோசிக்க வேண்டும். முதல் தேதிக்கு அது சரி. இருபதாம் தேதிக்குச் சந்தேகம்தான். (சினிமாவில் பக்கவாட்டில் ஸ்வஸ்திகா போட்ட டாங்கி வரும். நிஜத்தில் ஸ்வஸ்திகா கொடியைத் தங்கள் விமானங்களுக்கு அடையாளம் தெரியவே டாங்கியின் மேல் விரித்தார்கள்.)

மேற்கூண்டில் உள்ள எண்ணும் அலங்காரமல்ல. இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள புலி டாங்கியின் எண் 131: முதல் கம்பெனி, மூன்றாம் பிளாட்டூன், முதல் வண்டி. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. அந்தத் துனிசியப் போரில் 4-வது இந்திய டிவிஷனும், அதனுடன் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சங்கத்து நண்பர் ஒருவர் ஒருநாள் நேராகவே கேட்டார்: "கொலைகாரப் படையோட வண்டி. அதுக்கு இவ்வளவு பக்தியா?" நியாயமான கேள்வி, இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எனக்குத் தோன்றுவது இது. அழகுக்காக இஷ்டப்படி அடித்த டாங்கிதான் வெறும் பொம்மை. 1941-ல் குடேரியனின் படைப்பிரிவு வண்டிகளில் 'ஜி' என்ற வெள்ளை எழுத்து இருந்தது. அதைப் போட்டால் நிறம் சாம்பல்தான், இடம் சோவியத் நாடு, அது மின்ஸ்க், ஸ்மோலென்ஸ்க் வழியாகப் போன படை என்று எல்லாமே முடிவாகிவிடுகிறது. அந்த ஊர்களில் என்ன நடந்தது என்று படிக்காமல் அந்த எழுத்தை ஒட்ட எனக்குக் கை வருவதில்லை. படித்த பிறகு சிலவற்றைச் செய்யாமலே பெட்டியை மூடி வைத்ததும் உண்டு.

பழைய டாங்கிக்கு வருகிறேன். மகன் இப்போது வெளிநாட்டில். பழுப்பு கலந்து, பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிட்டு, மனசு கேட்காமல் போன் செய்தேன். "அப்பா, அதுல கை வைக்காதீங்க. வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றான். வாங்கினேன். இரண்டும் இப்போது அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழையதன் அடியில் ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறேன்: "1939-க்கு இந்த நிறம் தவறு. அடித்தது 1994-ல்."