மேல் மாடியில் இருந்தது என்ன?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் லட்கேட் குன்றருகே ரிச் என்றொரு இளைஞன் பேக்கரியில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். முதலாளி மகளையே மணக்க நாள் குறித்தாயிற்று. ஊர் வியக்கும்படி ஒரு கேக் செய்ய நினைத்தவன் கண்ணில் செயின்ட் பிரைட் தேவாலயக் கோபுரம் பட்டது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டியது. மேலே போகப் போகச் சிறுத்துச் செல்லும் எண்கோண அடுக்குகள். அதை அப்படியே கேக்கில் எழுப்பினான் என்று லண்டன்வாசிகள் இன்றும் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் அரண்மனை விருந்துகள் சொன்ன கதை வேறு.

1840 பிப்ரவரி 10. விக்டோரியா மகாராணியின் திருமணம். கேக்கின் எடை 300 ராத்தல், அதாவது சுமார் 136 கிலோ. சுற்றளவு 9 அடி, தடிமன் 14 அங்குலம். மணமக்களை வாழ்த்தும் பிரிட்டானியாவின், அதாவது பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த சர்க்கரைச் சிலை மேலே நின்றது. எல்லாம் இருந்தும் கேக் ஒரே தட்டுதான். உலர்பழம் அடைத்த கேக் கல்லாய்க் கனக்கும். ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றினால் கீழே இருப்பது தாங்குமா?

18 ஆண்டுகள் கழித்து அதே ராணியின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசரை மணந்தபோது, ஆறடிக்கும் மேல் உயர்ந்த மாடி கேக் ஒன்று சபைக்கு வந்தது. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். கத்தி வைத்தபோதோ அடித்தட்டில் மட்டுமே கேக் இருந்தது. மேல் மாடிகள் முழுக்க வெறும் சர்க்கரை வேலைப்பாடு! கனத்தை வெல்ல முடியாத கைகள் கண்ணை வென்றிருந்தன. எல்லா மாடியிலும் கேக் இருக்க இன்னொரு கல்யாணம் வரவேண்டியிருந்தது.

1882-இல் ராணியின் மகன் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில் அது நடந்தது. முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்த ஐசிங் காய்ந்தால் ஓடுபோல இறுகிவிடும். அழகுக்காகப் பூசிய பூச்சே தளமாகி, மேல் கேக்கைச் சுமந்தது. கேக்காலேயே ஆன மாடிகள் கடைசியில் நின்றுவிட்டன. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. மாடிகளுக்கு நடுவே காற்று புக வேண்டும் என்றார்கள்.

அதற்குத் தூண்கள் வந்தன. துடைப்பக் கழியை நறுக்கி ஐசிங் பூசியதுதான் முதல் தூண் என்பார்கள். 1947-இல் இளவரசி எலிசபெத்தின் கேக் நான்கு அடுக்காய் 9 அடி உயர்ந்தது. ரேஷன் காலம்; ஆஸ்திரேலியச் சாரணியர் அனுப்பிய பொருள்கள் கைகொடுத்தன. பிறகு மெத்தென்ற ஸ்பான்ஜும் மிருதுவான ஐசிங்கும் மோஸ்தராயின. இறுகாத பூச்சின் மேல் தூண் எப்படி நிற்கும்?

தூண் உள்ளே ஒளிந்துகொண்டது. இன்று வரவேற்பு மேடையில் 12, 9, 6 அங்குலமாகச் சிறுத்து உயரும் கேக்கில் மேல்தட்டின் பாரம் கீழ்த்தட்டின் மேல் விழுவதே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஓர் அட்டைப் பலகை. அதைத் தாங்குவது கீழ் கேக்குக்குள் செருகிய குச்சிகள். குச்சிகள் எல்லாம் ஒரே அளவாக நறுக்கப்பட வேண்டும். ஒன்று சற்றே நீண்டாலும் மேல்தட்டு சாயும். தூர வழியென்றால் உச்சியிலிருந்து அடிவரை ஒரு நீளக் குச்சியை நடுவில் இறக்குவார்கள். விருந்தில் பரிமாறுகிறவர் மேல்தட்டுகளைத் தூக்கி வைத்து, குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி உருவிய பிறகே துண்டு போடத் தொடங்குகிறார்.