திண்ணைப் பள்ளிக் கணக்கில் நெசவாளர் பிள்ளைகள்: தரம்பாலுக்கு ஒரு மறுப்பு

1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஜில்லா கலெக்டர்களிடம் கேட்டு, பின்னர்ப் பெற்ற கணக்கின்படி, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' என்னும் நூலில் அதை விரிவாக அச்சிட்டு, மாணாக்கரில் சூத்திரரும் இதர ஜாதியாரும் சேலம், திருநெல்வேலி ஜில்லாக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு முதல் தென்னாற்காட்டில் 84 விழுக்காட்டுக்கு மேல் வரை இருந்ததைச் சுட்டி, கல்வி மேல்ஜாதியாரின் ஏகபோகமாயிருந்ததென்ற வாதத்தை மறுத்தார். அவ்வளவில் அவர் பெரிய உபகாரம் செய்தவர். எண்களில் எனக்கு விவாதமில்லை, அவற்றைப் படித்த விதத்திலேயே விவாதம்.

அவர் காட்டியது பள்ளிக்கு வந்தவர்களுள் ஒரு வகுப்பாரின் பங்கு. அவ்வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்பதை அது சொல்லாது. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கும், வீட்டிற் படித்தாரையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்குமே கற்றனர் என்பது மன்றோவின் மதிப்பு. பெண்பிள்ளைகளோ மிகச் சொற்பம்.

படிவத்தையே நோக்குவோம். பிராமணர், வைசியர், சூத்திரர், இதர ஜாதியார் என இந்துக்களுக்கு நான்கு பத்திகள், முஸ்லிம்களுக்குத் தனிப்பத்தி, தொழிலுக்கு இடமே இல்லை. உழவரான வேளாளரும் நெசவாளரான கைக்கோளரும் 'சூத்திரர்' என்ற ஒரே பத்தியிற் கரைந்திருப்பர் என்பதே என் அனுமானம். சௌராஷ்டிர நெசவாளரான பட்டுநூல்காரர் எந்தப் பத்தியில் விழுந்தனர்? மதுரையில் ராணி மங்கம்மாள் காலத்திலேயே பிராமண ஆசாரத்துக்கு உரிமை பெற்றுவிட்ட அவர்களை வட ஆற்காட்டுக் கணக்குப்பிள்ளை எப்படி எழுதினாரோ! இந்தப் பத்திகளிலிருந்து, அந்நாளில் வட ஆற்காட்டைச் சேர்ந்ததும் 1989-இற்குப் பின் திருவண்ணாமலையைச் சேர்ந்ததுமான சந்தவாசல், ஆரணிப் பக்கத்துத் தறிவீடுகளின் கல்வியை யாரும் அறிய இயலாது.

இன்னொன்று, பள்ளியின் அளவு. மேற்சொன்ன கணக்கை வகுத்தால் ஒரு பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள், பல்லாரியிலோ பன்னிரண்டுதான். இவ்வளவு சிறிய பள்ளியில் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டால் வாத்தியாரின் வரும்படியே ஆட்டம் காணும். பிள்ளைகள் அப்படி நிற்கத் தறிவீட்டில் காரணமும் உண்டு: தார் சுற்றவும், கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைக் கரைக்குத் தறியோரத்தில் உட்காரவும் சின்னக் கைகள் வேண்டும். ஆகவே, சூத்திரர் பத்தி எவ்வளவு பெருத்திருப்பினும், அதனுள் தறிக்காரர் பங்கு மெலிந்தே இருந்திருக்கும் என்பேன். நேர்ச்சான்று இல்லையென்பதால் இதை அனுமானமாகவே சொல்கிறேன்.

பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கை இதற்குச் சற்று ஆதரவு தருகிறது. ஐரோப்பியத் துணி வந்து கைத்தொழிலாளர் வருவாய் குன்றியதென்றும், ஏழைகள் பிள்ளைகளை இளமையிலேயே வேலைக்கு அனுப்ப நேர்ந்ததென்றும், முன்பு பள்ளி இருந்த பல கிராமங்களில் இப்போது அது இல்லையென்றும் அவர் எழுதினார். தரம்பால் இவ்வறிக்கையை மிகவும் மதித்தவர். ஆயினும் யார் பிள்ளைகள் முதலில் நின்றனர் என்று வினவவில்லை. ஆனால் கேம்பெல் பேசியது பருத்தித் துணியை. பட்டுத்தறிக்கு அதே காரணம் பொருந்துமா, வேறு காரணத்தால் அங்கே பிள்ளைகள் பள்ளியை விட்டனரா, அது 1820-க்கு முன்னா பின்னா என்பதை இப்போதைக்குத் தீர்மானிக்க என்னால் ஆகவில்லை.