சக்கிமுக்கிக் கல்லும் செப்புக் கேப்பும்

படைக்கலங்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பீரங்கியின் பருமையையும் குண்டு செல்லுந் தூரத்தையுமே எடுத்தோதுவர். ஆயின், துவக்கின் பக்கத்தே பொருத்தப்பட்ட உள்ளங்கையளவான இரும்புப் பொறியொன்றே வீரனின் வாழ்வையுஞ் சாவையுந் தீர்மானித்த காலமொன்று இருந்தது. அப்பொறியைத் தெரிந்தெடுத்தற்குப் பிரித்தானிய அரசு எடுத்துக்கொண்ட காலமும், அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் யாவர் என்பதும் வரலாற்று மாணவர் சிந்திக்கற்பாலன.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பியப் படைகள் சக்கிமுக்கிப் பொறியையே கைக்கொண்டன. வீரன் வெடிமருந்தையுங் குண்டையுங் குழலின் வாய்வழியே இட்டுக் கோலால் இடித்துச் செறிப்பான். பொறியின் குதிரை வாயிற் கவ்விய கல், விசையை இழுத்ததும் எஃகுத் தகட்டில் உராய்ந்து தீப்பொறி சிதறும். அது சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்க, அத்தழல் ஒரு நுண்டுளை வழியே குழலினுட் புகுந்து பெருமருந்தைக் கொளுத்தும். இத்துணைப் படிகளுள் ஒன்று பிழைப்பினுந் துவக்கு வெடியாது. கல் மழுங்கலாம், துளை அடைபடலாம், யாவற்றினும் மேலாக, கிண்ணத்து மருந்தை மழை நனைத்துவிடலாம்.

இக்குறையை நீக்க வழி கண்டவர் போர்வீரருமல்லர், பொறிவினைஞருமல்லர். கொத்துலாந்தின் அபடீன் மாவட்டத்துப் பெல்கெல்வி என்னுஞ் சிற்றூரில் மதகுருவாயிருந்த அலெக்சாந்தர் ஜோன் போசைத் என்பவரே அவர். நீர்ப்பறவை வேட்டையில் ஈடுபாடுடைய அவர், கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன்னரே தப்பிவிடுதலை நோக்கி, மாற்றுவழி தேடினார் என்பர். 1800 ஆம் ஆண்டில் எட்வேட் ஹவாட் என்னும் இரசாயனவியலார் இரசப் பல்மினேற்று என்னும் பொருளின் ஆக்கத்தை வெளியிட்டிருந்தார். இத்தகைய பொருள்கள் தீயை வேண்டாது, அடிபட்ட மாத்திரத்தே வெடிப்பன. இவ்வியல்பைத் துவக்கிற்குப் பயன்படுத்திய போசைத் 1807 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

அதற்கு முன்னரே, 1806 இல், படைக்கலத் திணைக்களத் தலைவராயிருந்த மொய்றா பிரபு அவரை இலண்டன் கோபுரத்தில் இருத்திப் பரிசோதனைகள் நடத்தச் செய்தார். ஆயின், அடுத்த ஆண்டிற் பதவியேற்ற சதாம் பிரபு அம்முயற்சியை நிறுத்தி, அவரை வெளியேற்றினார். போசைத்தின் பொறி நுட்பமும் விலையும் மிக்கது; வெடிமருந்துச் சிமிழொன்று பொறியின்மீதே சுழல்வது; சாதாரண வீரனின் முரட்டுக் கையாட்சிக்கு ஏற்றதன்று. ஆகவே அப்பொறியை ஏலாமைக்குக் காரணமுண்டு. அதன் அடிப்படைக் கருத்தையே புறக்கணித்தமைக்குக் காரணமில்லை.

அக்கருத்தை எளிமையாக்கியது செப்புக் கேப்பு. அடிபட வெடிக்கும் மருந்தை உள்ளே பூசிய சிறு செப்புத் தொப்பி அது. குழலின் அடியிற் பொருத்திய துளையுள்ள முளையின்மீது அதனைச் செருக, குதிரை இறங்கி அடிக்கும். தழல் முளைவழியே நேரே உட்செல்லும். திறந்த கிண்ணமில்லை; ஆகவே மழைக்கு அஞ்சவேண்டுவதுமில்லை. இதனை முதலிற் கண்டவர் தாமே எனப் பலர் உரிமை கொண்டாடினர். அவருளொருவராய ஜோசுவா சோ என்னும் ஓவியர் 1822 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றார். வேட்டைத் துவக்குகளில் இது விரைந்து பரவியது. படையோ காத்திருந்தது.

1834 இலேயே வூலிச் நகரில் முறையான பரிசோதனை நடைபெற்றது. ஒவ்வொரு வகையிலும் ஆறு துவக்குகள் எடுக்கப்பட்டு, வகைக்கு 6,000 வெடிகள் பல்வேறு காலநிலைகளிற் சுடப்பட்டன. சக்கிமுக்கித் துவக்குகள் 922 முறை பிழைத்தன. கேப்புத் துவக்குகள் 36 முறையே பிழைத்தன. முன்னையது ஆறரை வெடிக்கு ஒன்று. பின்னையது 166 வெடிக்கு ஒன்று. இதற்குமேற் சான்று வேண்டப்படுவதன்று.

எனினும் தெரிவு என்பது சான்றினால் மாத்திரம் நிகழ்வதன்று. களஞ்சியங்களிற் பழைய துவக்குகள் பெருந்தொகையாகக் கிடந்தன. சக்கிமுக்கிக் கல்லை எங்கும் எளிதிற் பெறலாம். கேப்போ தொழிற்சாலையிலிருந்தே வரவேண்டும். அன்றியும், பொறியின் அமைப்பிலும் இருவகை இருந்தன. முதன்மை வில்லைக் குதிரைக்கு முன்னே வைப்பது ஒன்று. பின்னே வைப்பது மற்றொன்று. பின்வில் பொறி கச்சிதமானது; ஆயின் அதற்காகக் கைப்பிடியருகே கட்டையைக் குடைதல் வேண்டுமாதலின், அவ்விடம் வலிமை குன்றும். 1837 இல் ஏற்கப்பட்ட பிரன்சுவிக் சுரிகுழல் துவக்கு முதலிற் பின்வில் பொறியையே கொண்டிருந்தது. பின்னர் முன்வில் பொறிக்கு மாறியது. படைக்கலப் பரிசோதகர் ஜோர்ச் லவல் உருவாக்கிய 1839 ஆம், 1842 ஆம் ஆண்டு மாதிரிகளும் முன்வில் பொறியையே கொண்டன. 1839 இன் மாதிரி களஞ்சியத்திலிருந்த பழைய உறுப்புகளைப் பயன்படுத்துமாறு வகுக்கப்பட்டது. 1841 ஒற்றோபர் 30 இல் இலண்டன் கோபுரத்தில் மூண்ட தீ பழைய துவக்குகள் பலவற்றை அழித்துச் சிக்கன வழியைக் குறுக்கியது.

அத்தீக்கு ஐந்து திங்கள் முன்னர், 1841 மே 30 இல், சீனத்தின் கன்ரன் நகர்ப்புறத்துச் சன்யுவான்லி என்னுமிடத்தில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உள்ளத்தைத் தொடும் பகுதியாகும். அபினிப் போரிற் பிரித்தானியருக்காகப் போரிட்ட சென்னைச் சுதேசக் காலாட்படையின் 37 ஆம் பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 60 சிப்பாய்கள், பெருமழையில் வழிதவறித் தனிப்பட்டனர். தமிழருந் தெலுங்கரும் முஸ்லிம்களும் ஒருங்கே பணிபுரிந்த படை சென்னைப் படை. ஈட்டிகள் ஏந்திய கிராம மக்கள் ஆயிரக்கணக்கிற் சூழ்ந்தனர். சிப்பாய்களின் கையிலிருந்தவையோ சக்கிமுக்கித் துவக்குகள். மருந்து நனைந்துபோக அவை வெடிக்க மறுத்தன. சதுரவணி வகுத்துத் துவக்குமுனைக் கத்திகளையே துணையாகக் கொண்டு அவர்கள் தாக்குப்பிடித்தனர். பலர் காயமுற்றனர். இரவில் அவர்களைத் தேடிச் சென்ற கடற்படைக் காலாள்கள் இரு கூட்டத்தாரின் கையிற் கேப்புத் துவக்குகள் இருந்தன. அதே மழையில் அவை வெடித்தன, சூழ்ந்திருந்தோர் விலகினர்.

வூலிச் பரிசோதனை முடிந்து ஏழாண்டு கழிந்தும், சென்னைச் சிப்பாய் பழைய பொறியோடே அந்நிய மண்ணில் நின்றான். தம் ஊரைக் காக்கத் திரண்ட கிராமத்தாரை எதிர்த்து, தனக்குரியதல்லாத போரில், பிறர் கழித்த கருவியோடு நின்றான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. புதுக் கருவி முதலில் ஆள்வோரின் கையை அடைகின்றது. ஆளப்படுவோரின் கையை இறுதியிலேயே அடைகின்றது.

போசைத்துக்கு 1842 இல் அரசு அளித்த நன்கொடை 200 பவுண் மாத்திரமே. 1843 இல் அவர் காலமானார். அவர் கருத்திற் பிறந்த கேப்புப் பொறியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1866 இற் குழலின் அடிப்புறத்தே தோட்டாவையிடுஞ் சினைடர் துவக்கு ஏற்கப்பட, வாய்வழி மருந்திடும் முறை படையிலிருந்து நீங்கலாயிற்று. தெரிந்தெடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயங்கிய கருவி, முப்பது ஆண்டுகூட முதலிடம் வகிக்கவில்லை. உண்மையைக் காண்டல் அறிவின் தொழில். கண்டதை உரிய காலத்தில், உரியவர் யாவர்க்கும் எட்டச் செய்தல் ஆட்சியின் கடன். இரண்டுக்குமிடைப்பட்ட காலத்தின் விலை ஏடுகளில் எழுதப்படுவதில்லை. சன்யுவான்லியின் மழையில் நின்றவர் போன்றோரே அதனைச் செலுத்துகின்றனர்.