தாய்லாந்து முறை வான்கோழி

தாய்லாந்து முறை வான்கோழி என்பது, மேலை நாடுகளில் விழாக்காலத்தில் முழுதாகச் சுடப்படும் வான்கோழியை எலுமிச்சைப்புல், பேரரத்தை, தேங்காய்ப்பால், மீன்சாறு முதலிய தாய்லாந்துச் சமையற் பொருட்களைக் கொண்டு பக்குவப்படுத்தும் ஓர் உணவாகும். இது தாய்லாந்தின் மரபுவழி உணவு அன்று. அந்நாட்டில் கோழியைத் தணலில் சுடும் 'கை யாங்' என்னும் முறையின் சுவை, அமெரிக்க நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றின் விருந்துப் பறவையோடு இணைந்ததால் தோன்றிய கலப்பு உணவாகும். இதற்கு வேண்டிய பொருட்களுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலும் கிடைப்பவை. சில மட்டும் இங்குச் சமையலறையில் இல்லாமல் நாட்டு மருந்துக் கடையில் உள்ளன.

பெயரும் வரலாறும்

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா ஆகும். மெக்சிகோப் பகுதி மக்கள் இதனை முதலில் வீட்டுப் பறவையாக்கினர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எசுப்பானியர் இதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். ஆயினும் பல மொழிகள் இதனை இந்தியப் பறவையாகவே கருதிப் பெயரிட்டுள்ளன. துருக்கியர் 'இந்தி' என்கின்றனர். பிரெஞ்சுப் பெயரான 'தேந்து' இந்தியாவிலிருந்து வந்தது எனப் பொருள்படும். இடச்சு மொழியில் வழங்கும் 'கல்கூன்' என்ற பெயர் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது. தாய் மொழியில் இதற்குத் 'தும்பிக்கைக் கோழி' எனப் பொருள்படும் பெயர் உண்டு. அலகின் மேல் தொங்கும் சதையைக் கண்டு வைத்த பெயர் என்பதால், இவற்றுள் இதுவே பறவைக்குப் பொருத்தமானது எனலாம்.

இந்தியாவிற்கு இப்பறவை கடல் வழியாகவே வந்தது. 1612-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி கொண்டுவரப்பட்டது. அதன் தலையும் கழுத்துச் சதையும் நிறம் மாறுவதைப் பேரரசர் தம் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியுள்ளார். அவைக்கள ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழி ஓவியம் இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஔவையாரின் மூதுரையிலும் மயிலைப் பார்த்து ஆட முயலும் வான்கோழி ஒன்று வருகிறது. அந்நூல் போர்த்துக்கீசியர் வருகைக்கு முற்பட்டது எனக் கொண்டால், அங்குக் குறிக்கப்படுவது இன்றைய அமெரிக்கப் பறவையாக இருக்க இயலாது.

தமிழ்நாட்டில் வான்கோழி

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் சிலர் புறக்கடையில் ஓரிரு வான்கோழிகளை வளர்க்கின்றனர். சென்னை நந்தனத்தில், நாட்டுக் கருநிற வான்கோழியையும் 'பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை' என்ற அமெரிக்க இனத்தையும் கலந்து, இங்குள்ள தட்பவெப்பத்திற்கு ஏற்ற 'நந்தனம் வான்கோழி-1' என்னும் இனம் உருவாக்கப்பட்டது. இறைச்சி பெரும்பாலும் துண்டுகளாக்கப்பட்டுக் குழம்பாகவோ பிரியாணியாகவோ சமைக்கப்படுகிறது. முழுப் பறவையைச் சுடும் வழக்கம் இங்கு ஆங்கிலோ-இந்தியர் போன்ற சில சமூகத்தாரின் கிறிஸ்துமஸ் விருந்தோடு தொடர்புடையது.

விழாக்கால உணவு இடத்திற்கு இடம் எவ்வளவு மாறுபடும் என்பதற்குத் திருத்தணி வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதியில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் எல்லையின் இருபுறத்தார்க்கும் பொதுவான உணவு. தெற்கே அடுத்துள்ள அரக்கோணம் சந்திப்பு, இரயில்வேப் பணியில் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். ஆங்கில ஆண்டு முடியும் திசம்பர் 31 இரவில் திருத்தணி மலைக் கோயிலில் திருப்படித் திருவிழா நடைபெறும். அடியார்கள் திருப்புகழ் பாடியவாறு 365 படிகள் ஏறுவர். புத்தாண்டு நாளில் ஆங்கில அதிகாரிகளைக் காணச் செல்வோரை முருகனிடம் திருப்பும் நோக்குடன் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இதனைத் தொடங்கினார். ஆகவே வேறிடங்களில் வான்கோழி வேகும் அதே வாரத்தில், இங்குப் பல வீடுகளில் புலால் விலக்கப்பட்டிருக்கும்.

மணப்பொருட்கள்

தாய்லாந்துச் சமையலில் பயன்படுவது பச்சையான பேரரத்தைக் கிழங்காகும். நாட்டு மருந்துக் கடைகளில் இருமலுக்கு விற்கப்படும் சித்தரத்தை இதன் நெருங்கிய உறவு. காரம் மிகுந்தது என்பதால் குறைவாகச் சேர்க்க வேண்டும். மக்ரூட் எலுமிச்சை இலை கிடைக்காவிடில் நாரத்தை அல்லது எலுமிச்சையின் இளந்தளிரைப் பயன்படுத்தலாம். வேப்பிலைக்கட்டி இடிப்பவர்கள் அறிந்த மணமே அது. அந்நாட்டினர் கொத்தமல்லியின் வேரையும் அரைப்பர். இங்கு அது கிள்ளி எறியப்படுகிறது. பனைவெல்லத்திற்குக் கருப்பட்டி பொருந்தும், நிறம் சற்றுக் கருக்கும். நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பிட்டு நொதிக்க வைத்து வடிக்கும் மீன்சாறு ஒன்றே எளிதில் கிடைக்காதது. அதனைச் சென்னையின் பெரிய அங்காடிகளில் வாங்க வேண்டும். மிளகாயும் வான்கோழியைப் போலவே அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆசியாவிற்கு வந்ததே.

செய்முறை

வான்கோழியின் நெஞ்சுப்பகுதி கொழுப்புக் குறைந்த வெள்ளிறைச்சி, எளிதில் உலர்ந்துவிடும். கால்பகுதியில் இணைப்புத் திசு மிகுதி என்பதால் அது மெதுவாக வேகும். ஒன்று வேகும்போது மற்றொன்று கெடுவதே இச்சமையலின் முதன்மையான இடர். தாய்லாந்து முறை இதனை ஓரளவு தணிக்கிறது. மீன்சாற்றின் உப்பு இறைச்சிக்குள் ஊறி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

4 முதல் 5 கிலோ எடையுள்ள பறவைக்கு, கொத்தமல்லி வேர் 6, பூண்டுப் பல் 12, எலுமிச்சைப்புல் 4 தண்டு, பேரரத்தை 50 கிராம், வெள்ளை மிளகு 2 தேக்கரண்டி, ஊசிமிளகாய் தேவைக்கேற்ப எடுத்து விழுதாக அரைக்க வேண்டும். 4 மேசைக்கரண்டி மீன்சாறும் ஒரு குவளை கெட்டித் தேங்காய்ப்பாலும் கலந்து, தோலை மெல்ல உயர்த்தி அதன் அடியிலும் பறவையின் உட்புறத்திலும் பூசவேண்டும். தனியாக உப்பு வேண்டுவதில்லை. குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊறவேண்டும். பின்னர் ஓவனில் 165 பாகை செல்சியசில் சுமார் மூன்று மணி நேரம் சுடவேண்டும். கரைத்த கருப்பட்டியைக் கடைசி அரைமணியில் மட்டுமே தடவ வேண்டும். முன்னரே தடவினால் தோல் கருகிக் கசக்கும். எடுத்தபின் 20 நிமிடம் வைத்திருந்து அறுப்பது முறை.

ஓவன் இல்லாத வீடுகளில் பறவையைத் துண்டாக்கி அகன்ற பாத்திரத்தில் வேகவைக்கலாம். கால் துண்டுகளை முதலிலும் நெஞ்சுத் துண்டுகளைப் பின்னரும் இடவேண்டும். தமிழ்ச் சமையலில் முதற்பால் இறுதியில் சேர்க்கப்படும். தாய்லாந்தினர் அதற்கு மாறாக, கெட்டிப்பாலை முதலில் காய்ச்சி எண்ணெய் பிரியவிட்டு அதில் விழுதை வதக்குவர். எண்ணெய் பிரிந்தால் பால் கெட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

பாதுகாப்பு

உறையவைத்த வான்கோழியைக் குளிர்பெட்டியிலேயே உருகவிட வேண்டும். இதற்கு ஒவ்வொரு இரண்டு கிலோவிற்கும் ஒரு நாள் ஆகும். 4 முதல் 60 பாகை வரையான வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் என்பதால், நம் நாட்டு வெயிலில் இரவு முழுதும் வெளியே வைப்பது கேடு. தொடையின் தடித்த பகுதியிலும் நெஞ்சிலும் எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகிப் பார்க்கையில் 74 பாகை இருக்க வேண்டும். நிறத்தைக் கொண்டு வெந்துவிட்டது என முடிவு செய்யலாகாது. தாய்லாந்து முறையில் கருப்பட்டியால் தோல் விரைவில் சிவப்பதால் ஏமாறும் வாய்ப்பு கூடுதல். மீந்த இறைச்சியை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் உண்ணலாம். எலும்புகளைப் பேரரத்தையும் எலுமிச்சைப்புல்லும் இட்டுக் காய்ச்சினால் நல்ல சாறு கிடைக்கும்.