சரக்கு வந்தது, ஆள் திரும்பினார்: ஓரகடம் வட்டாரத்தில் தொழில்நுட்பப் பொறியாளர் வரத்தும் அரசுக் கட்டுப்பாடும், 1996–2025

ஓரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இடைக் கற்காலக் கருவிகளோடு, வெளிநாட்டு வணிகத்தைக் காட்டும் ரௌலட்டட் ஓடுகளும் ஆம்போரா சாடித் துண்டுகளும் கிடைத்தன. ஆக, வெளிநாட்டுச் சரக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சரக்கோடு அதைச் செய்யத் தெரிந்த ஆளும் வந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை பழக்குவதுதான் புதிது. அதற்கு ஏறத்தாழ முப்பது வயது.

செயற்கை நுண்ணறிவில் நாடுகள் திறமைக்காகப் போட்டியிடுகின்றன என்றால் கலிபோர்னியா ஆய்வகங்களும் பெய்ஜிங் பல்கலைக்கழகங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் வட்டாரத்தில் அந்தப் போட்டி வேறு உருவில் இறங்கியது. இங்கே பறிபோனவர் இயந்திரத்தை நிறுவி, சீர்செய்து, ஓடவிடும் பொறியாளர். தேசப் பாதுகாப்பின் பெயரால் அரசுகள் முதலில் பொருளை மறித்தன, பிறகு முதலீட்டை, கடைசியில் மனிதரை. இந்த வரிசையைத் தேதிவாரியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. கொரியப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கொரிய உணவகங்களும் வந்தன. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. இந்தக் கட்டத்தில் வெளிநாட்டுப் பொறியாளர் வருவது பாதுகாப்புப் பிரச்சினையாக இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. வரிவழக்கில் சிக்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது வேலையிழப்பைப் பற்றிப் பேசினோம், பேசியதும் நியாயமே. எட்டாண்டுகள் பழகிய கைகள் திசைக்கொன்றாகப் போனதைக் கணக்கெடுக்கவில்லை. 2019-இல் சுங்குவார்சத்திரம் பகுதியில் தைவானின் பாக்ஸ்கான் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிப்பைத் தொடங்கியபோது வட்டாரம் பலவற்றை மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

திருப்பம் 2020 ஏப்ரலில் வருகிறது. அம்மாதம் 1-ஆம் தேதி மின்னணு உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவிக்கை செய்தது. 17-ஆம் தேதி, நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன்அனுமதி கட்டாயம் என்று மூன்றாம் எண் பத்திரிகைக் குறிப்பு வெளியானது. ஜூனில் எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல். அதன்பின் சீனர்களுக்கான விசா இறுகியது. செல்போன் செய்யுங்கள் என்று பணம் தந்த கையே, செல்போன் இயந்திரத்தை அதிகம் அறிந்தவர் வரும் வாசலையும் குறுக்கியது. கல்வானுக்குப் பிறகு எச்சரிக்கை தேவைதான். இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. 2024-இல் ஊக்கத்தொகை பெறும் ஆலைகளின் சீனத் தொழில்நுட்பர்களுக்கு விசாவை விரைவுபடுத்தியதிலிருந்து விடையை ஊகிக்கலாம்.

இதற்கிடையே மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபர் 7-இல் அமெரிக்கா மேம்பட்ட சிப்புகளைச் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியதோடு நில்லாமல், அமெரிக்கர்கள் அத்தகைய சிப் உற்பத்திக்கு உதவுவதற்கும் உரிமம் கேட்டது. கட்டுப்பாடு பெட்டியிலிருந்து ஆளுக்குத் தாவிய இடம் இது. 2025-இல் சீனா தன் செயற்கை நுண்ணறிவு வல்லுநர்களின் வெளிநாட்டுப் பயணத்தைத் தடுப்பதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில், இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களைப் பாக்ஸ்கான் திருப்பி அழைத்ததாகவும், அவர்கள் இடத்துக்குத் தைவானியர் அனுப்பப்பட்டதாகவும் செய்தி வெளியானது. ஆகஸ்டில் அதன் துணை நிறுவனமான யூசானிலிருந்து இன்னொரு 300 பேர் அழைக்கப்பட்டதாகச் செய்தி. அந்த யூசான்தான் ஓரகடத்தில் 13,180 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் பெற்றது.

ஒரு பொறியாளர் போனால் என்ன குறைந்துவிடும்? கேமராவால் பழுதைக் கண்டறியும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பாகத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, அது கீறலா தூசியா என்று பயிற்றுவிக்கப்பட்ட நிரல் முடிவு சொல்கிறது. வரம்பை இறுக்கினால் நல்ல பாகமும் ரிஜெக்ட் ஆகும். தளர்த்தினால் கீறல் விழுந்தது பெட்டிக்குள் போய்விடும். விளக்கின் கோணம், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் அது உட்காரும் ஆழம், போன மாடலில் எந்தப் பழுது எதனால் வந்தது என்ற நினைவு, இம்மூன்றையும் வைத்துத்தான் வரம்பை அமைக்கிறார்கள். முதல் இரண்டைக் கையேட்டில் எழுதிவிடலாம். மூன்றாவது ஆளோடு வந்து ஆளோடு போகும். ஆலைக்குள் செயற்கை நுண்ணறிவு என்பது பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்அனுபவம் உண்டு. ராக்கெட்டின் கிரையோஜெனிக் இயந்திரத்துக்காக 1991-இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மாஸோடு ஒப்பந்தம் போட்டோம். 1992 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா தொழில்நுட்பத்தை விலக்கிக்கொண்டு, தயாரான இயந்திரங்களை மட்டும் தரச் சம்மதித்தது. பிறகு நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சோதனைமேல் சோதனை. 2010 ஏப்ரலில் உள்நாட்டு இயந்திரத்தின் முதல் பயணம் தோற்றது. 2014 ஜனவரி 5-இல் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட் வென்றது. இருபதாண்டுகள் ஒரே வேலையில் ஆட்களை நிறுத்தி வைத்ததால் வந்த வெற்றி அது. ஓரகடத்தில் அப்படி நிறுத்தி வைக்க யார் இருக்கிறார்கள்? ஆலை தைவானுடையது, போன் அமெரிக்காவுடையது, உற்பத்தி லைனில் நிற்பவர்களில் பெரும்பகுதி நம் ஊர்ப் பெண்கள், அவர்களில் பலர் ஒப்பந்த முறையில். அவர்களுக்காக 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் திறந்தது. நல்ல காரியம். ஆனால் லைனில் நிற்பவர் லைனை அமைப்பவராக உயரும் வழியை விடுதி தராது.

கொள்கை ஆவணங்கள் என்ன செய்தன? 2020 செப்டம்பரில் தமிழ்நாடு வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, அரசுத் துறைகள் இத்தகைய நிரல்களை மக்களிடம் கொண்டுபோகுமுன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதில் கருத்தாக இருந்தது. அன்றைக்கு அது முன்னோடி வேலை. 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான இந்தியா ஏஐ திட்டம் கணினித் திறன், தரவு, புதிய நிறுவனங்கள், பட்டப் படிப்பு என விரிந்தது. இரண்டிலும் ஆலைப் பொறியாளர் மையத்தில் இல்லை.

என் முடிவு இது: பாக்ஸ்கான் 600-க்கும் மேற்பட்டோரைத் திருப்பி அழைத்ததைவிட, அவர்களிடம் இங்கே கற்றவர் எத்தனை பேர் என்ற கணக்குக்கு அரசுகள் கொள்கையில் இடம் தராததே பெரிய குறை. நிலமும் மானியமும் தரும் ஒப்பந்தத்தில் வேலைவாய்ப்பு எண்ணிக்கை கேட்கிறோம். வெளியாள் துணையின்றி ஒரு புது லைனை நிறுவக்கூடிய உள்ளூர்ப் பொறியாளர், டிப்ளமோ படித்தவர் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் கேட்கும் ஒரு விதியைத் தமிழ்நாடு அரசு அடுத்த ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.