குழந்தையை யாராவது கேட்டாங்களா? அன்னி பெசன்டின் ரெண்டு வழக்குகள்

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு பெண்மணி, ரெண்டு கஸ்டடி கேஸ். முதல் கேஸ் 1878, லண்டன். அதுல அவங்க பெத்த பொண்ணை கோர்ட் பிடுங்கி அப்பா கிட்ட கொடுத்துச்சு. ரெண்டாவது கேஸ் 1912-ல ஆரம்பிச்சு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் வந்தது. அதுல அவங்க எதிர்தரப்பு. ஒரு அப்பா வந்து, "என் பசங்களைத் திருப்பிக் கொடுங்க"ன்னு கேட்டார். அந்தப் பெண்மணி அன்னி பெசன்ட். பெசன்ட் நகர்ல பஜ்ஜி சாப்பிட்டிருப்பீங்க இல்ல, அதே பெசன்ட்.

ஹோம் ரூல், காங்கிரஸ் தலைவர், தியோசபி எல்லாம் நிறைய பேர் பேசிட்டாங்க. எனக்கு சுவாரசியமா பட்டது வேற. ஃபேமிலி கோர்ட்ல இன்னைக்கு தினமும் பேசுறாங்களே, 'குழந்தையோட நலன்'னு, அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள யார் எதை வைக்கிறாங்கன்னு இந்த ரெண்டு கேஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரியும்.

கொஞ்சம் பின்னாடி போகணும். 19-ம் நூற்றாண்டு தொடக்கத்துல இங்கிலாந்து சட்டத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது. குழந்தை அப்பாவுக்கு. அவ்வளவுதான். எங்க பாஷையில சொன்னா அப்பா தான் டீஃபால்ட் வேல்யூ, அதை மாத்துறதுக்கு அம்மாவுக்கு பர்மிஷனே கிடையாது. கரோலின் நார்ட்டன்னு ஒரு எழுத்தாளர். 1836-ல அவங்க கணவர் மூணு பையன்களையும் தூக்கிட்டுப் போயிட்டார். அதோட நிற்காம, அப்போ பிரதமரா இருந்த மெல்போர்ன் பிரபு மேல, தன் மனைவியோட தொடர்பு வச்சிருந்தார்னு கேஸ் போட்டார். அந்தக் கேஸ்ல தோத்தார். ஆனா கேஸ்ல ஜெயிச்சவர் மெல்போர்ன். கரோலினுக்குப் பிள்ளைகள் திரும்பக் கிடைக்கல. அந்த அம்மா உட்கார்ந்து துண்டுப் பிரசுரங்களா எழுதித் தள்ளினாங்க. 1839-ல ஒரு சட்டம் வந்தது. ஏழு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை என் கிட்ட விடுங்கன்னு ஒரு அம்மா கோர்ட்ல மனு போடலாம். உரிமை இல்ல, மனு போடலாம், அவ்வளவுதான். அதுவும் கள்ள உறவுன்னு நிரூபணம் ஆன அம்மாவா இருந்தா அதுவும் கிடையாது. இதுல கொடுமை என்னன்னா, நார்ட்டனோட பிள்ளைகளை அப்பா ஸ்காட்லாந்துல வச்சிருந்தார். இங்கிலாந்து சட்டம் அங்க செல்லாது. தான் போராடி வாங்கின சட்டம் அவங்களுக்கே உதவல. எல்லை தாண்டிக் குழந்தையைக் கொண்டு போயிட்டா கோர்ட் கை கட்டிக்கும்கிற இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

இப்போ பெசன்ட். 1867-ல ஃபிராங்க் பெசன்ட்னு ஒரு பாதிரியாரைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. பையன் டிக்பி, பொண்ணு மேபல். பெசன்டுக்கு மத நம்பிக்கை போயிடுச்சு. ஒரு பாதிரியார் வீட்டுல அது சின்ன விஷயம் இல்ல. 1873-ல பிரியுறாங்க. பத்திரம் எழுதுறாங்க: பையன் அப்பாகிட்ட, பொண்ணு அம்மாகிட்ட. அதே வருஷம் பார்லிமென்ட்ல ஒரு சட்டம் வருது. இப்படி அம்மாவுக்குக் குழந்தையை விட்டுக்கொடுத்து எழுதுற பத்திரம் செல்லும்னு சொல்லுது. ஆனா ஒரு நிபந்தனை. அந்த ஏற்பாடு குழந்தைக்கு நன்மை தராதுன்னு கோர்ட் நினைச்சா அதை அமல்படுத்த வேண்டியதில்லை.

1877-ல பெசன்டும் சார்லஸ் பிராட்லாவும் சேர்ந்து கருத்தடை பத்தி ஒரு சின்னப் புத்தகத்தை மறுபதிப்பு பண்ணாங்க. ஆபாசம்னு கேஸ். தண்டனை கிடைச்சு, அப்புறம் ஒரு டெக்னிக்கல் காரணத்தால அது ரத்தாச்சு. ஆனா பேர் கெட்டது கெட்டதுதான். அடுத்த வருஷமே ஃபிராங்க் பெசன்ட் கோர்ட்டுக்குப் போய் மேபலைக் கேட்டார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். வக்கீல் இல்லாம அன்னி பெசன்ட் தானே வாதாடினாங்க. பெண்கள் வக்கீலாவே ஆக முடியாத காலம்.

ஜெசல் என்ன சொன்னார்ங்கிறதுதான் முக்கியம். அம்மா குழந்தையை மோசமா நடத்தினார்னு அவர் சொல்லவே இல்ல. பாசமா, ரொம்ப அக்கறையா பார்த்துக்கிட்டாங்கன்னு ஒத்துக்கிட்டார். பிரச்சினை என்னன்னா, ஸ்கூல்ல மத வகுப்பு வேண்டாம்னு சொல்லி பொண்ணை மதமில்லாம வளர்க்குறாங்க. ரெண்டாவது, அந்தப் புத்தகம். இப்படிப்பட்ட அம்மாவோட மரியாதையான பெண்கள் யாரும் பழக மாட்டாங்க, அப்போ அந்தப் பொண்ணோட கதி என்ன? ஆகவே குழந்தையோட நன்மைக்காக, அப்பாகிட்ட. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. மேபலுக்கு அப்போ எட்டு வயசுகூட நிரம்பல.

கவனிச்சீங்களா? அம்மாவுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட சட்டம், அதே சட்டத்துல இருந்த 'குழந்தையோட நன்மை'ங்கிற நிபந்தனை, அதை வச்சே அந்தக் கதவைச் சாத்தினாங்க. ஊர் என்ன பேசும்ங்கிறது குழந்தையோட நலன்ங்கிற பேர்ல தீர்ப்புக்குள்ள வந்து உட்கார்ந்துக்கிச்சு. பிள்ளைகளைப் பார்க்க அவங்களுக்கு அனுமதி கிடைச்சது. ஆனா ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளுக்கு அலைச்சலும் வேதனையுமா இருக்குன்னு, அவங்க பெரியவங்க ஆகுற வரைக்கும் பார்க்கப் போறதில்லைன்னு முடிவெடுத்தாங்க. வயசு வந்ததும் ரெண்டு பேரும் அம்மாகிட்ட திரும்பி வந்தாங்க. அப்பா பக்கம் போகல.

இப்போ 30 வருஷம் தாண்டி அடையாருக்கு வருவோம். பெசன்ட் தியோசபிகல் சொசைட்டி தலைவர். 1909 ஜனவரியில மதனப்பள்ளிக்காரர் ஜிட்டு நாராயணய்யா, தன் நாலு பையன்களோட அடையாருக்கு வர்றார். ரெவின்யூ டிபார்ட்மென்ட்ல இருந்து ஓய்வு பெற்றவர், பல வருஷமா சொசைட்டி மெம்பர், மனைவி இறந்து மூணு நாலு வருஷம். அங்க வேலை செய்றேன், தங்க இடம் கொடுங்கன்னு கேட்டு வந்தவர். அந்த வருஷமே அடையார் கடற்கரையில, பெசன்டோட சகா லெட்பீட்டர் கண்ணுல அந்தப் பசங்கள்ல ஒருத்தன் படுறான். இவன்தான் வரப்போற உலக குருன்னு சொல்றார். பேரு கிருஷ்ணமூர்த்தி. ஆமா, ஜே.கே. தான்.

1910 மார்ச்ல நாராயணய்யா ஒரு கடிதத்துல கையெழுத்து போடுறார். கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்யானந்தாவுக்கும் பெசன்ட் தான் கார்டியன். 1911-ல உலக குருவுக்காக ஒரு அமைப்பு, அதுக்குத் தலைவர் டீன் ஏஜ் கிருஷ்ணமூர்த்தி. 1912 ஆரம்பத்துல ரெண்டு பசங்களும் இங்கிலாந்து. லெட்பீட்டர் மேல நாராயணய்யாவுக்கு நம்பிக்கை போயிருந்தது. அவரோட ஒழுக்கம் பத்தி கடுமையான குற்றச்சாட்டு இருந்தது. பசங்க அவர்கிட்ட இருக்கக்கூடாதுங்கிறது அப்பாவோட முக்கியமான கோரிக்கை. பையனைச் சாமி ஆக்குறதும் அவருக்குப் பிடிக்கல.

1912 அக்டோபர்ல கேஸ். அடையார் அப்போ செங்கல்பட்டு மாவட்டம், அதனால செங்கல்பட்டு கோர்ட்ல போட்டு, அப்புறம் ஹைகோர்ட்டுக்கு மாறினது. அப்பா பக்கம் வாதாடினவர் சி.பி. ராமசாமி ஐயர். (சில வருஷத்துல இதே சி.பி., ஹோம் ரூல் இயக்கத்துல பெசன்டோட வலது கை மாதிரி இருந்தார். மெட்ராஸ் அப்படிப்பட்ட ஊர்.) பெசன்ட் இந்தத் தடவையும் தானே வாதாடினாங்க.

1913 ஏப்ரல்ல நீதிபதி பேக்வெல் தீர்ப்பு. குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலன்னார். ஆனா லெட்பீட்டரோட கருத்துகளே ஒழுக்கக்கேடானவை, பசங்க பக்கத்துல இருக்கத் தகுதியில்லாத ஆள்னும் சொன்னார். பசங்களை அப்பாகிட்ட ஒப்படைக்கணும்னு உத்தரவு. மேல்முறையீட்டு பெஞ்சும் அதையே உறுதி பண்ணுச்சு.

கடைசியா லண்டன்ல பிரிவி கவுன்சில். 1914 மே மாசம். எல்லாத்தையும் தலைகீழாக்கிட்டாங்க. முதல் காரணம், பசங்க இருக்கிறது இங்கிலாந்துல. அவங்க விஷயத்துல உத்தரவு போட செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரமே இல்ல, அங்கிருந்து மாத்தி வாங்கின ஹைகோர்ட்டுக்கும் இல்ல. அப்பாவுக்கு வேணும்னா இங்கிலாந்து கோர்ட்டுக்குப் போகட்டும். (கரோலின் நார்ட்டன் ஞாபகம் வருதா?) ரெண்டாவது, இது ரெண்டு பெரியவங்க சண்டை போட்டுக்கிற சொத்து வழக்கு மாதிரி நடந்திருக்கு. பசங்க இதுல கட்சிக்காரங்களே இல்ல. அவங்க விருப்பம் என்னன்னு யாரும் கேட்கல. திரும்பி வர அவங்களுக்கு விருப்பம் இல்ல, கிட்டத்தட்ட பெரியவங்களா ஆயிட்டவங்களை சம்மதம் இல்லாம கப்பல் ஏத்திக் கொண்டு வரச்சொல்லி எப்படி உத்தரவு போட முடியும்?

கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாசம் பிறந்தார்னு வாழ்க்கை வரலாறுகள் சொல்ற கணக்கை எடுத்துக்கிட்டா, பேக்வெல் தீர்ப்பு வந்தப்போ அவருக்கு 18 ஆக ஒரு மாசம்கூட இல்ல! ஒரு கோர்ட், மேல ஒரு பெஞ்ச், பக்கம் பக்கமா வாதம். யாரைப் பத்தி இதெல்லாமோ அந்த ரெண்டு பேரையும் யாரும் கேட்கல.

அப்போ சட்டத்துல அதுக்கு இடம் இல்லையான்னு கேட்டா, இருந்தது. 1890-ம் வருஷ கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 17-வது பிரிவு. மைனரோட வயசு, பாலினம், மதம், கார்டியன் ஆகப்போறவரோட குணம், தகுதி, நெருங்கின உறவு, இதெல்லாம் பார்க்கணும். விவரம் புரிஞ்சு விருப்பம் சொல்ற வயசா இருந்தா அந்த விருப்பத்தையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கலாம். 'எடுத்துக்கலாம்'. 'எடுத்துக்கணும்' இல்ல.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா பிரிவி கவுன்சில் தீர்ப்பு முற்போக்கா தெரியும். பல பேர் அப்படித்தான் எழுதுறாங்க. எனக்கு அதுல பாதி சம்மதம்தான். அதே தீர்ப்புல இன்னொரு விஷயம் இருக்கு. அப்பா கார்டியன்ஷிப்பை இன்னொருத்தருக்குக் கொடுத்தாலும் அதைத் திரும்ப வாங்கிக்கலாம், அது அவர்கிட்ட இருக்கிற ஒரு புனிதமான பொறுப்பு. ஆனா அப்படிக் கொடுத்த பிறகு குழந்தைக்குப் புது பந்தங்களும் எதிர்பார்ப்புகளும் உருவாகி, அதைக் கலைக்கிறது குழந்தைக்கு நல்லதில்லைன்னா, திரும்ப வாங்க கோர்ட் விடாது.

நியாயமா தானே இருக்கு? இருக்கு. ஆனா நாராயணய்யா இடத்துல நின்னு பாருங்க. எதிர்ல உலகம் பூரா கிளை இருக்கிற சொசைட்டி, இங்கிலாந்துல பெரிய வீடுகள், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்புறோம்னு வாக்குறுதி. அவர்கிட்ட பென்ஷன். பசங்க அங்க இருக்க இருக்க அங்கேயே இருக்க விரும்புவாங்க. அந்த விருப்பம் பொய் இல்ல, உண்மையான விருப்பம்தான். ஆனா அதை உருவாக்கினது காலமும் தூரமும் பணமும். கேஸ் ஒவ்வொரு மாசமும் தள்ளிப்போக, யார் கையில குழந்தை இருக்கோ அவங்க பக்கம் தராசு தானா சாயும். அப்போ லெட்பீட்டர் பத்தின அப்பாவோட பயம் என்ன ஆச்சு? பிரிவி கவுன்சில் அதுக்கு பதில் சொல்லல. அதிகார வரம்பு இல்லைன்னு சொன்னதுல அந்தக் கேள்வி அப்படியே அடியில போயிடுச்சு. குழந்தையோட நலன்னு பார்த்தா முதல்ல தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான்னு நான் நினைக்கிறேன்.

இது பழைய கதை மட்டும் இல்ல. எங்க டீம்ல ஒருத்தர் இருக்கார், பேர் வேண்டாம். மாசம் ரெண்டு சனிக்கிழமை அவர் கால் எடுக்க மாட்டார், பொண்ணைப் பார்க்கிற நாள். கேஸ் நாலாவது வருஷம் ஓடுது. முதல் வருஷம் ஓடி வந்து கட்டிக்கிட்ட பொண்ணு, இப்போ டேப்லெட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காம். "கேஸ் முடியறப்போ அவளைக் கேட்பாங்கப்பா, அவ அம்மாகூடவே இருக்கேன்னு சொல்லுவா, அது உண்மையாவும் இருக்கும்"னு ஒரு தடவை சொன்னார். அவர் மனைவி பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது, அதனால யார் சரின்னு நான் சொல்லப்போறதில்ல.

சட்டம் அங்கேயே நிக்கலைங்கிறதையும் சொல்லணும். 1956-ம் வருஷ இந்து மைனாரிட்டி சட்டம், அஞ்சு வயசுக்குக் கீழன்னா பொதுவா அம்மாகிட்ட, எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலன்னு எழுதிடுச்சு. ஆனா அதே சட்டத்துல இயற்கைக் கார்டியன் அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா. 1973-ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட், பிள்ளைகள் பெத்தவங்களோட உடைமையும் இல்ல, விளையாட்டுப் பொம்மையும் இல்லைங்கிற கருத்தைச் சொன்னது. 1999-ல கீதா ஹரிஹரன் வழக்குல, அந்த 'அவருக்குப் பிறகு'ங்கிறதுக்கு அப்பா செத்த பிறகுன்னு அர்த்தம் இல்ல, அப்பா பொறுப்பு எடுக்காத இடத்துலயும் அம்மாதான்னு விளக்கம் கொடுத்தாங்க. 160 வருஷத்துக்கு முன்னாடி நார்ட்டன் ஆரம்பிச்ச சண்டையோட ஒரு கிளை அது. குழந்தை உரிமைகள் பத்தின ஐ.நா. உடன்படிக்கையிலயும் 1992-ல இந்தியா சேர்ந்தது. தன்னைப் பாதிக்கிற விஷயத்துல குழந்தை சொல்றதைக் கேட்கணும்னு அதுல தெளிவா இருக்கு.

ஆக்ஸ்ஃபோர்டு கனவு பலிக்கல, காலேஜ்கள் கிருஷ்ணமூர்த்தியைச் சேர்த்துக்கல. நாராயணய்யா 1924-ல இறந்தார். அடுத்த வருஷமே நித்யானந்தா காசநோயால கலிஃபோர்னியாவுல, 27 வயசுல. 1929-ல கிருஷ்ணமூர்த்தி தனக்காக உருவாக்கின அமைப்பை, பெசன்ட் முன்னாடியே, தானே கலைச்சிட்டார். அப்போ அவருக்கு 34. அவர் என்ன நினைக்கிறார்னு யாரும் அனுமதி கேட்க வேண்டிய வயசு இல்ல அது.

1890-ம் வருஷ சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. 17-வது பிரிவுல அந்த 'எடுத்துக்கலாம்' இன்னும் 'எடுத்துக்கலாம்'தான். இதைக் கேட்கிறவங்கள்ல ஃபேமிலி கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற வக்கீல்கள் யாராவது இருந்தா, குழந்தைகிட்ட நீதிபதிகள் தனியா பேசுறது நடைமுறையில எப்படி நடக்குதுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.