இன்ஃபிளேமபிள்: ஒரு சொல்லும் அதன் எதிர்ச்சொற்களும்

இன்ஃபிளேமபிள் என்பது எளிதில் தீப்பற்றக்கூடிய பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் இச்சொல்லைக் காணலாம். சொல்லின் தொடக்கத்தில் ‘இன்’ என்ற முன்னொட்டு இருப்பதால், ‘தீப்பற்றாதது’ என்று தவறாகப் பொருள் கொள்வோரும் உண்டு. உண்மையில் ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் ஆகிய இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்களே. இவ்விரண்டுக்கும் எதிர்ச்சொல் நான்ஃபிளேமபிள் ஆகும். தீப்பெட்டி, பட்டாசு, பஞ்சாலைத் தொழில்கள் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இந்த வேறுபாடு தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கான செய்தி மட்டும் அன்று. உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையது.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘ஃபிளம்மா’ என்றால் தீச்சுடர். அம்மொழியில் ‘இன்’ என்னும் முன்னொட்டு இரண்டு வகைப்படும். ஒன்று ‘அல்லாத’ என்று எதிர்மறைப் பொருள் தருவது. மற்றொன்று ‘உள்ளே’, ‘நோக்கி’ என்ற பொருள் தருவது. ‘இன்ஃபிளம்மாரே’ என்ற வினைச்சொல்லில் உள்ளது இரண்டாவது வகை. அதன் பொருள் ‘தீக்குள் ஆக்குதல்’, அதாவது தீமூட்டுதல். அதிலிருந்து வந்த இன்ஃபிளேமபிள் என்ற சொல், எளிதில் தீப்பற்றுவது என்னும் பொருளில் ஏறத்தாழ 1600 முதல் ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது. 1766-ல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், இன்று ஹைட்ரஜன் எனப்படும் வாயுவின் இயல்புகளை ஆராய்ந்து எழுதியபோது, அதனை ‘இன்ஃபிளேமபிள் காற்று’ என்றே குறிப்பிட்டார்.

ஃபிளேமபிள் என்ற குறுகிய வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றியது. அது நீண்ட காலம் பரவலாக வழங்கவில்லை. ஆலைகளும் எரிபொருள் கிடங்குகளும் பெருகிய 20-ஆம் நூற்றாண்டில், எச்சரிக்கைப் பலகையைத் தவறாகப் படிப்பதால் வரும் ஆபத்து கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ஃபிளேமபிள் என்ற வடிவத்தையே பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் 1959-ல் ஃபிளேமபிள், நான்ஃபிளேமபிள் என்ற இணையை ஊக்குவித்தது. இந்தியாவிலோ பழைய சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆபத்தான முறையில் தீப்பற்றும் பொருள்கள் குறித்து 1952-ல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டத்தின் பெயரிலேயே இன்ஃபிளேமபிள் இடம்பெற்றுள்ளது.

வட்டாரத் தொடர்பு

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய இரு ஊர்களும் சிவகாசி அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்திலேயே உள்ளன. சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின்னர் இவ்வட்டாரம் நாட்டின் முக்கியமான தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தி மையமாக வளர்ந்தது. இராஜபாளையத்தின் அடையாளம் பஞ்சாலைகள். பஞ்சும், ஆலைக்குள் பறக்கும் பஞ்சுத் துகளும் ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளக் கூடியவை.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவப் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதை ஆங்கில மருத்துவம் இன்ஃபிளமேஷன் என்கிறது. இதுவும் அதே தீச்சுடர் வேரிலிருந்து பிறந்த சொல்லே. இதற்குத் தமிழில் வழங்கும் ‘அழற்சி’ என்ற சொல்லும் தீயைக் குறிக்கும் ‘அழல்’ என்பதோடு தொடர்புடையது. அழற்சியைத் தணிக்கும் மருந்து ஆன்டி-இன்ஃபிளமேட்டரி எனப்படுகிறது. இதில் எதிர்ப்பொருளைத் தருவது ‘ஆன்டி’, ‘இன்’ அன்று.

ஆண்டாள் காவியத்தின் பெயர்

முன்னொட்டு தரும் இதே வகை மயக்கத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பற்றிய ஒரு காவியத்தின் பெயரிலும் காணலாம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) தெலுங்கில் இயற்றிய அக்காவியத்தின் பெயர் ‘ஆமுக்த மால்யத’. இராஜபாளையத்தைச் சேர்ந்த பன்மொழி அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா இதனைத் தமிழாக்கம் செய்து, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார்.

வடமொழியில் ‘முக்த’ என்றால் விடுபட்டது. ‘அ’ என்ற குறிலைச் சேர்த்து ‘அமுக்த’ என்றால் விடுபடாதது, இது எதிர்மறை. ‘ஆ’ என்ற நெடிலைச் சேர்த்து ‘ஆமுக்த’ என்றால் அணிந்துகொண்டது. எனவே நூற்பெயரின் பொருள் ‘அணிந்த மாலையைக் கொடுத்தவள்’, அதாவது சூடிக் கொடுத்தவள். குறில், நெடில் வேறுபாட்டைக் கவனியாமல் படித்தால் பெயரின் பொருளே மாறிவிடும். வடமொழியில் இவ்விரு முன்னொட்டுகளும் ஒலியால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்திலோ இரண்டும் ‘இன்’ என்று ஒன்றுபோலவே ஒலிப்பதால் மயக்கம் கூடுகிறது.

தமிழில் எதிர்மறை

தமிழ் வினைச்சொற்களில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் பின்பகுதியில் வெளிப்படுகிறது. பற்றும் – பற்றாத, எரியும் – எரியாத என்பவை எடுத்துக்காட்டுகள். நீதி – அநீதி போன்ற முன்னொட்டு இணைகள் வடமொழி வழியாக வந்தவை. அவற்றிலும் விதிவிலக்கு உண்டு. ‘கோரம்’ என்றால் அச்சம் தருவது. சொல்லமைப்பின்படி ‘அகோரம்’ அதற்கு எதிர்ச்சொல்லாக இருக்க வேண்டும். சிவபெருமானின் ஐந்து முகங்களுள் ஒன்றின் பெயராக வரும்போது அது அவ்வாறே விளக்கப்படுகிறது. ஆனால் மக்கள் வழக்கில் ‘அகோரப் பசி’ என்றால் கடும் பசி. இன்ஃபிளேமபிள் போலவே இங்கும் முன்னொட்டு பொருளை மறுக்கவில்லை.

எதிர்ச்சொற்களும் பொருளும்

நான்ஃபிளேமபிள் – தீப்பற்றாதது. இதுவே நேர் எதிர்ச்சொல். நீர், கரியமில வாயு எடுத்துக்காட்டுகள்.

நான்-இன்ஃபிளேமபிள் – இதற்கும் அதே பொருள். இன்று வழக்குக் குறைந்தது.

இன்கம்பஸ்டிபிள் – எரியாதது. கல், மணல் போன்றவை. இச்சொல்லில் உள்ள ‘இன்’ உண்மையான எதிர்மறை. கம்பஸ்டிபிள் என்றால் எரியக்கூடியது.

ஃபயர்ப்ரூஃப் – தீயைத் தாங்கும்படி செய்யப்பட்டது.

ஃபிளேம் ரிட்டார்டன்ட் – தீ பரவுவதைத் தாமதப்படுத்துவது. இது முழு எதிர்ச்சொல் அன்று. இத்தகைய பொருளும் கடும் வெப்பத்தில் எரியக்கூடும்.

எதிர்ச்சொல்லும் பாதுகாப்பும்

சொல்லின் எதிர்ச்சொல்லைச் சரியாக அறிந்தாலும், ‘தீப்பற்றாதது’ என்பதை ‘ஆபத்தற்றது’ என்று கொள்ளக்கூடாது. ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் பிற பொருள்களை வேகமாக எரியச் செய்யும். தீக்குச்சியின் தலைப்பகுதியில் சேர்க்கப்படும் பொட்டாசியம் குளோரேட்டும் தானே எரியும் பொருள் அன்று. சூடேறும்போது அது வெளிவிடும் ஆக்சிஜனே உடன் கலந்துள்ள பொருள்களை நொடியில் எரியச் செய்கிறது.

அமெரிக்க மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே கவனமாக இருந்த மக்கள், ‘காலி’ப் பீப்பாய்களின் அருகே தயங்காமல் புகைபிடித்ததை அவர் சுட்டிக்காட்டினார். நிறைந்தது ஆபத்து என்றால் அதன் எதிரான காலி பாதுகாப்பானது என்று அவர்கள் எண்ணினர். உண்மையில் காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கக்கூடியது. அதனால் காலிப் பீப்பாயே கூடுதல் ஆபத்தானது.

ஆகவே எதிர்ச்சொல்லைச் சொல்லின் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், பொருளை அறிந்து கூறுவதே முறையாகும். இன்ஃபிளேமபிள் என்று எழுதிய பலகையைக் கண்டால், அங்கே தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.